ரஸியா சுல்தான்: தில்லி மக்கள் துணைநின்ற அரசி

நம் குடும்பங்களில் ரஸியா, ரஜியா, ரளியா என்று பெண் பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பது இன்றும் உண்டு. எழுத்து மாறினாலும் பெயர் ஒன்றுதான். அந்தப் பெயரைச் சொன்னதும் பலருக்கு நினைவு வருவது, பள்ளிப் பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியில் படித்த தில்லி அரசி. இந்தியாவை ஆண்ட முஸ்லிம் பெண் என்ற ஒரு வரியும், அபிசீனிய அடிமையோடு காதல் என்ற இன்னொரு வரியும்தான் பெரும்பாலோர் மனத்தில் தங்கியிருக்கின்றன. முதல் வரிக்குப் பின்னால் இருக்கும் வரலாறு பெரிது. இரண்டாவது வரிக்கு ஆதாரம் மிகக் குறைவு.

ரஸியா ஆண்டது 1236 முதல் 1240 வரை, சுமார் மூன்றரை ஆண்டுகள். அந்தக் குறுகிய காலத்துக்குள் ஒரு சிற்றன்னையின் சூழ்ச்சி, தலைநகரின் முற்றுகை, இரண்டு கிளர்ச்சிகள், ஒரு சிறைவாசம், ஒரு திருமணம், இரண்டு தோல்விகள் அனைத்தும் நடந்து முடிந்துவிட்டன. அவர் எப்படி அரியணைக்கு வந்தார், ஏன் இறக்கப்பட்டார் என்பதை நிதானமாகப் பார்த்தால், பெண் என்பதால் ஆளத் தெரியாமல் வீழ்ந்தார் என்ற பழைய தீர்ப்பு நிற்காது.

அடிமையாக விற்கப்பட்ட தந்தை

ரஸியாவின் தந்தை ஷம்சுத்தீன் இல்துத்மிஷ். துருக்கியக் குலம் ஒன்றில் பிறந்தவர். பொறாமை கொண்ட சகோதரர்களாலேயே அடிமையாக விற்கப்பட்டவர். யூசுஃப் நபியின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது புதிய கதையாகத் தோன்றாது. கைமாறிக் கைமாறி தில்லிக்கு வந்தவரை, குத்புத்தீன் ஐபக் விலைகொடுத்து வாங்கினார். ஐபக்கும் அடிமையாக இருந்து உயர்ந்தவர்தான். இல்துத்மிஷின் திறமையைக் கண்ட ஐபக், தம் மகளையே அவருக்கு மணமுடித்து வைத்தார். பதாயூன் பகுதியின் ஆளுநர் பொறுப்பும் கிடைத்தது.

1210ல் லாகூரில் குதிரைப் பந்தாட்டத்தின்போது கீழே விழுந்து ஐபக் இறந்தார். அடுத்து வந்த ஆராம் ஷாவால் நிலைத்து நிற்க முடியவில்லை. தில்லிப் பிரமுகர்கள் பதாயூனிலிருந்து இல்துத்மிஷை வரவழைத்தார்கள். தில்லி சுல்தானகத்தை ஓர் அரசாக நிலைநிறுத்தியவர் அவர்தான். செங்கிஸ்கானின் படை சிந்து நதிக்கரை வரை வந்த காலத்தில் தில்லியைப் போரில் சிக்க வைக்காமல் காத்தார். 1229ல் பக்தாத் கலீஃபாவின் அங்கீகாரம் அவருக்கு வந்து சேர்ந்தது. ஐபக் தொடங்கிய குதுப் மினாரைக் கட்டி முடித்ததும் அவரே.

இந்த அரசில் பட்டத்துக்கு யார் வருவது என்பதற்கு எழுதிவைத்த விதி எதுவும் இல்லை. மூத்த மகனுக்கே ஆட்சி என்ற கட்டாயம் கிடையாது. சுல்தானின் விருப்பம், அமீர்களின் சம்மதம், கையில் இருக்கும் படை, இந்த மூன்றும் சேர்ந்தவரே சுல்தான். அமீர்களில் பெரும்பாலோர் இல்துத்மிஷ் விலைகொடுத்து வாங்கி, வளர்த்து, பதவி கொடுத்த துருக்கிய அடிமைகள். எஜமானர் உயிரோடு இருந்தவரை விசுவாசமாக இருந்தார்கள். அவர் போன பிறகு, நாட்டின் உண்மையான அதிகாரம் தங்கள் கையில் இருக்க வேண்டும் என்று எண்ணினார்கள்.

பட்டத்துக்கு முன்பே பொறுப்பு

இல்துத்மிஷ் தமக்குப் பின் வருவார் என்று எண்ணியிருந்தது மூத்த மகன் நாசிருத்தீன் மஹ்மூதை. வங்கத்தை வென்று ஆண்டுகொண்டிருந்த அந்த இளவரசர் 1229ல் இறந்துபோனார். மற்ற ஆண் பிள்ளைகளில் வளர்ந்தவர்கள் கேளிக்கையில் மூழ்கியிருந்தார்கள். சிலர் சிறு பிள்ளைகள்.

ரஸியாவின் தாய் துர்கான் காத்தூன் அரண்மனையின் தலைமை அரசி. தாயோடு குஷ்க்கே ஃபிரோஸி மாளிகையில் வளர்ந்ததால், தந்தையின் அரசுப் பணிகளை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு ரஸியாவுக்குக் கிடைத்தது. 1231ல் இல்துத்மிஷ் குவாலியர் கோட்டையை முற்றுகையிடப் புறப்பட்டார். அந்த முற்றுகை ஏறத்தாழ ஓராண்டு நீடித்தது. அத்தனை காலமும் தலைநகரைக் கவனித்துக்கொண்டவர் ரஸியா.

குவாலியரிலிருந்து திரும்பிய சுல்தான், கணக்கு அதிகாரியான தாஜுல் முல்க் மஹ்மூதை அழைத்து, மகளைப் பட்டத்து வாரிசாக அறிவிக்கும் ஆணையை எழுதச் சொன்னார். வளர்ந்த ஆண் மக்கள் இருக்க, பெண்ணை வாரிசாக்குவதில் என்ன நன்மை என்று நெருங்கிய அதிகாரிகள் தயங்கினார்கள். தம் பிள்ளைகள் இளமைக் கேளிக்கையில் கிடக்கிறார்கள் என்றும், நாட்டை நடத்தும் தகுதி மகளுக்கே உண்டு என்பதைத் தாம் போன பிறகு நீங்களே காண்பீர்கள் என்றும் சுல்தான் அவர்களுக்கு விளக்கினார். இதைப் பதிவு செய்தவர் அக்காலத்திலேயே வாழ்ந்த காஜி மின்ஹாஜுஸ் ஸிராஜ். தபகாத்தே நாசிரி என்ற அவருடைய நூல்தான் ரஸியாவைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதன்மையான சான்று.

தந்தை மகளுக்குக் கொடுத்த வரிசையை இங்கே கவனிக்க வேண்டும். முதலில் வேலையைக் கொடுத்தார், செய்து காட்டிய பிறகு பதவியை எழுதினார். பாசத்தால் எழுதப்பட்ட ஆணையாக அதைக் கொள்ள முடியாது.

ஷா துர்கானின் ஏழு மாதங்கள்

1236 ஏப்ரல் இறுதியில் இல்துத்மிஷ் இறந்தார். எழுதிய ஆணை ஏட்டிலேயே நின்றது. அமீர்கள் ருக்னுத்தீன் ஃபிரோஸ் என்ற மகனை அரியணையில் ஏற்றினார்கள். இவருடைய தாய் ஷா துர்கான். துருக்கிய அடிமைப் பெண்ணாக அந்தப்புரத்துக்கு வந்து, சுல்தானின் மனைவியரில் ஒருவராக உயர்ந்தவர். மார்க்க அறிஞர்களுக்கும் சையதுகளுக்கும் அள்ளிக் கொடுத்தவர் என்ற நற்பெயரும் அவருக்கு இருந்தது.

ருக்னுத்தீனும் கொடையாளிதான். அவர் கொடுத்தது வேறு விதம். போதையில் யானை மீது ஏறி, கடைத்தெரு வழியே தங்க நாணயங்களை வாரி இறைத்துக்கொண்டு போவார். கருவூலம் பாடகர்களுக்கும் கோமாளிகளுக்கும் கரைந்தது. ஆணைகள் தாயின் பெயரால் பறந்தன. அந்தப்புரத்தில் தம்மை முன்பு இழிவாக நடத்திய மற்ற அரசிகளை ஷா துர்கான் பழிவாங்கத் தொடங்கினார். இல்துத்மிஷின் இன்னொரு மகனான குத்புத்தீன் என்ற இளம்பிள்ளையின் கண்களைக் குருடாக்கி, பிறகு கொன்றார்கள். அதோடு அமீர்களின் பொறுமை முடிந்தது. முல்தான், லாகூர், ஹான்ஸி, பதாயூன் ஆளுநர்கள் ஒன்றுசேர்ந்து எழுந்தார்கள். வஸீர் நிஜாமுல் முல்க் ஜுனைதியும் ஓடிப்போய் அவர்களோடு சேர்ந்துகொண்டார். கிளர்ச்சியை அடக்க ருக்னுத்தீன் படையோடு தில்லியை விட்டுப் புறப்பட்டார்.

நகரில் ஷா துர்கானும் ரஸியாவும் எஞ்சினார்கள். அடுத்த பலி ரஸியாதான் என்பது வெளிப்படையாகத் தெரிந்தது.

அப்போது நடந்ததைச் சுமார் நூறு ஆண்டுகள் கழித்துத் தில்லிக்கு வந்த பயணி இப்னு பதூதா கேட்டு எழுதியிருக்கிறார். நம் மதுரைக்கும் வந்து சுல்தானைச் சந்தித்த அதே இப்னு பதூதாதான். இல்துத்மிஷ் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மக்கள் பொதுவாக வெள்ளை உடை உடுத்துவார்கள். அநீதி இழைக்கப்பட்டவர் சாயமேற்றிய உடையை உடுத்திக்கொண்டு வந்தால் போதும், சுல்தான் கண்ணில் பட்டவுடனே விசாரணை நடக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குத் திரண்டிருந்த மக்கள் முன்னால், பெரிய பள்ளிவாசலை அடுத்திருந்த பழைய மாளிகையின் மேல்தளத்தில் ரஸியா அந்த உடையில் வந்து நின்றார். தந்தை அவர்களுக்குச் செய்த நன்மைகளை நினைவூட்டினார். தம் சகோதரன் கொல்லப்பட்டதையும், தம் உயிருக்கும் குறி வைக்கப்பட்டிருப்பதையும் சொன்னார்.

தந்தை ஏழைகளுக்காக ஏற்படுத்திய முறையையே மகள் தம் உயிருக்காகப் பயன்படுத்தினார். தில்லி கொந்தளித்தது. மக்கள் அரண்மனைக்குள் புகுந்து ஷா துர்கானைப் பிடித்தார்கள். படையும் அமீர்களில் ஒரு பகுதியினரும் ரஸியாவுக்கு பைஅத் செய்தார்கள். திரும்பி வந்த ருக்னுத்தீன் கிலோக்ரியில் பிடிபட்டுச் சிறைக்குப் போனார். அங்கேயே அவர் முடிவு நேர்ந்தது. ஏழு மாதங்கள்கூட முழுதாக ஆளவில்லை.

தாம் ஆண்களைவிட நன்றாக ஆளவில்லை என்றால் தம்மை இறக்கிவிடலாம் என்று ரஸியா மக்களிடம் ஒப்பந்தம் செய்துகொண்டதாகவும் ஒரு செய்தி உண்டு. அதைச் சொல்பவர் பிற்காலத்துக் கவிஞரான இஸாமி. உடன்பாடு எப்படி இருந்தாலும், அமீர்கள் கூடி முடிவெடுத்து அரியணையில் ஏற்றிய பெண்ணாக ரஸியா வரவில்லை. தலைநகரத்து மக்களின் எழுச்சி அவரை ஏற்றியது. இந்த ஒரு காரணத்துக்காகவே பெரிய அமீர்களால் அவரை மனதார ஏற்க முடியவில்லை.

மூன்றரை ஆண்டு ஆட்சி

வஸீர் ஜுனைதி புதிய சுல்தானை ஏற்க மறுத்தார். கிளர்ச்சி செய்த ஆளுநர்கள் தில்லியின் வாசல் வரை வந்து முற்றுகையிட்டார்கள். முற்றுகை நீண்டது. ரஸியா நகரை விட்டு வெளியே வந்து யமுனைக் கரையில் கூடாரம் அடித்தார். போரைவிடப் பேச்சு அதிகம் வேலை செய்தது. எதிரணியில் இருந்த இஸ்ஸுத்தீன் ஸாலாரியும் கபீர்கான் அயாஸும் இரகசியமாக அவர் பக்கம் சாய்ந்தார்கள். யார் யார் பக்கம் என்பது புரியாமல் மற்றவர்கள் சிதறி ஓடினார்கள். துரத்திச் சென்ற படையிடம் இருவர் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜுனைதி சிர்மூர் மலைகளுக்குள் ஓடி அங்கேயே இறந்தார்.

பின்னர் புதிய வஸீராக முஹத்தபுத்தீன் அமர்த்தப்பட்டார். லாகூர் கபீர்கானுக்குக் கிடைத்தது. கிழக்கே லக்னௌதி முதல் மேற்கே சிந்து வரை அமீர்கள் பணிந்தார்கள். முற்றுகையில் சிக்கியிருந்த ரண்தம்போர்க் கோட்டைப் படையை மீட்க சேனை அனுப்பப்பட்டது. மங்கோலியருக்கு எதிராகக் கூட்டுச் சேரக் கேட்டு வந்த ஹஸன் கர்லுக்கின் மகனை மரியாதையோடு நடத்தினாலும், ரஸியா அந்தப் போருக்குள் நாட்டை இழுத்துவிடவில்லை. தந்தையின் நிதானம் மகளிடமும் இருந்தது.

குத்பாவில் அவர் பெயர் ஓதப்பட்டது. நாணயங்களில் சுல்தான் என்ற பட்டத்தோடு ஜலாலத்துத் துன்யா வத்தீன் என்று பொறிக்கப்பட்டது. வரலாற்றாசிரியர் மின்ஹாஜையே அவர் குவாலியரிலிருந்து வரவழைத்து, தில்லியின் நாசிரிய்யா மத்ரஸாவின் பொறுப்பைக் கொடுத்தார். தாம் அருகிலிருந்து பார்த்த அந்த ஆட்சியாளரை மின்ஹாஜ் அறிவும் நீதியும் கொடையும் உள்ளவர், கல்வியாளர்களை ஆதரித்தவர், படை நடத்தத் தெரிந்தவர் என்று பாராட்டுகிறார். இத்தனை தகுதியும் இருந்து, ஆணாகப் பிறக்காததால் எல்லாம் பயனற்றுப் போனதே என்று வருந்தவும் செய்கிறார். பெண் ஆட்சி பற்றிய ஃபிக்ஹு விவாதம் இங்கே நம் பொருள் இல்லை. அக்காலத்துக் காஜி ஒருவர் அவரிடம் பதவி ஏற்றுப் பணி செய்தார் என்பது மட்டும் வரலாறு.

தொடக்கத்தில் திரைக்குப் பின்னால் அமர்ந்து ஆண்ட ரஸியா, பிறகு கபா என்னும் மேலங்கியும் குல்லாவும் அணிந்து தர்பாரில் வெளிப்படையாக அமர்ந்தார். யானை மீது ஏறி மக்கள் பார்க்க நகர்வலம் வந்தார். அமீர்களின் வாய் வழியாக அல்லாமல் நேரடியாகவே ஆள விரும்பினார். அமீர்கள் அஞ்சியதும் அதைத்தான்.

யாகூத் விவகாரம்

அந்த அச்சம் வெடித்தது ஜமாலுத்தீன் யாகூத் பெயரால். யாகூத் ஓர் ஹபஷி. ரஸியா அவரை அமீரே ஆகூர், அதாவது அரச குதிரை லாயத்தின் தலைவர் ஆக்கினார். குதிரைப்படையே பலமாக இருந்த காலத்தில் அது பெரிய பதவி. துருக்கிய அமீர்கள் தங்கள் வட்டத்துக்கு வெளியே போகக் கூடாது என்று கருதிய பதவி.

சமகாலத்தவரான மின்ஹாஜ் எழுதுவது, யாகூத் சுல்தானின் அருகில் பணியாற்றும் நெருக்கம் பெற்றார், அதனால் துருக்கிய அமீர்கள் பொறாமை கொண்டார்கள் என்பதுதான். குதிரையேறும்போது கைகொடுத்துத் தூக்கிவிட்டார் என்பன போன்ற கதைகள், நூறு ஆண்டுகளுக்குப் பிறகு எழுதிய இஸாமி காலத்தில் முளைத்தவை. 1983ல் வந்த இந்திப் படம் அந்தக் காதலை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது. ஒரு பெண்ணின் ஒழுக்கத்தின் மீது குற்றம் சொல்பவரிடம் நான்கு சாட்சிகளைக் கேட்கும் மார்க்கம் நம்முடையது. ரஸியாவின் விஷயத்தில் ஒரு சமகாலச் சாட்சிகூட இல்லை. ஆட்சியாளரை வாதத்தால் வெல்ல முடியாதபோது, பெண்ணாக இருந்தால் அவர் நடத்தை மீது கை வைப்பது எளிது. எதிரிகள் செய்தது அதுவே.

தலைநகரை விட்டு வெளியே

சதியில் முன்னின்றவர் அரண்மனை நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்த அமீரே ஹாஜிப் ஐதகின். அவருக்கு உடந்தை பட்டிண்டா ஆளுநர் அல்துனியா. இருவரும் ரஸியா உயர்த்திவிட்டவர்கள். தில்லிக்குள் ரஸியாவைத் தொட முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். நகர மக்கள் அவர் பக்கம் இருந்தார்கள். அவரை வெளியே வரவழைக்க வேண்டியிருந்தது.

முதலில் லாகூரில் கபீர்கான் எதிர்த்தார். ரஸியா தாமே படை நடத்திச் சென்று அவரை விரட்டினார். பின்வாங்க இடமில்லாமல் கபீர்கான் பணிந்தார். தலைநகர் திரும்பிய ரஸியாவுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. 1240 ஏப்ரலில், ரமளான் மாதத்தில், அல்துனியா எழுந்தார் என்ற செய்தி வர, களைத்த படையோடு மீண்டும் புறப்பட்டார். பட்டிண்டாவை அடைந்ததும் உடன் வந்த துருக்கிய அமீர்களே திரும்பினார்கள். யாகூத் கொல்லப்பட்டார். ரஸியா கோட்டைக்குள் சிறை வைக்கப்பட்டார். தில்லியில் அவருடைய சகோதரர் முயிஸ்ஸுத்தீன் பஹ்ராம் சுல்தானானார். அமீர்கள் விதித்த நிபந்தனைப்படி உண்மையான அதிகாரம் நாயிப் என்ற பெயரில் ஐதகின் கைக்குப் போனது.

அந்த ஏற்பாடு சில மாதங்கள்கூடத் தாங்கவில்லை. சுல்தானைப் போலவே வாசலில் முரசும் யானையும் வைத்துக்கொண்ட ஐதகினை பஹ்ராம் ஆளை விட்டுக் கொன்றார். பதவிகள் தில்லியில் பங்கிடப்பட்டபோது அல்துனியாவுக்கு எதுவும் வரவில்லை. ஏமாந்த அவர், தாம் சிறைவைத்த ரஸியாவையே மணந்துகொண்டார். ரஸியாவுக்கும் அரியணைக்குத் திரும்ப வேறு வழி இருக்கவில்லை. இருவரும் கோக்கர், ஜாட் வீரர்களைத் திரட்டிக்கொண்டு தில்லியை நோக்கி வந்தார்கள்.

ஹிஜ்ரி 638 ரபீவுல் அவ்வல், அதாவது 1240 அக்டோபரில், பஹ்ராமின் படை அவர்களைத் தோற்கடித்தது. கைத்தலை அடைந்தபோது மிச்சமிருந்த வீரர்களும் விலகிப் போனார்கள். அங்கே இருவரும் உள்ளூர் மக்களிடம் சிக்கிக் கொல்லப்பட்டார்கள். பசியோடு வந்த ரஸியாவுக்கு ஓர் உழவர் ரொட்டி கொடுத்ததாகவும், ஆண் உடைக்கு உள்ளே முத்தும் பொன்னும் தைத்த அங்கியைக் கண்டு, தூங்கும்போது கொன்றதாகவும் இப்னு பதூதா ஒரு கதை கேட்டிருக்கிறார். அந்த அங்கியைச் சந்தையில் விற்கப் போய் உழவர் அகப்பட்டார் என்றும், உடலைக் கண்டெடுத்துக் கஃபனிட்டு அடக்கம் செய்தார்கள் என்றும் அந்தக் கதை முடிகிறது.

பிறகு நடந்தது

ரஸியாவை இறக்கினால் அமைதி வரும் என்றவர்களுக்குக் கிடைத்தது என்ன? 1241 டிசம்பரில் மங்கோலியர் லாகூரைச் சூறையாடினார்கள். 1242ல் பஹ்ராமை அதே அமீர்கள் கொன்றார்கள். அடுத்து வந்த மஸ்ஊதையும் 1246ல் இறக்கினார்கள். இல்துத்மிஷ் இறந்த 10 ஆண்டுகளில் அவர் வாரிசுகளில் நான்கு பேர் கவிழ்க்கப்பட்டார்கள். அவர்களில் மூவர் ஆண்கள். அந்த மூவரின் வீழ்ச்சிக்கு ஆணாய்ப் பிறந்ததைக் காரணமாக யாரும் சொல்வதில்லை. நோய் அரியணையில் இருந்தவரிடம் இல்லை. பொம்மை சுல்தான் வேண்டும் என்று நின்ற அமீர்களிடம் இருந்தது. ரஸியாவின் அரசில் வேட்டைத் தலைவராக இருந்த பல்பன் என்ற அமீர் 1266ல் தாமே சுல்தானாகி, அமீர்களின் கூட்டத்தை இரும்புக் கையால் நொறுக்கிய பிறகுதான் அது அடங்கியது.

இதே காலத்தில் எகிப்திலும் ஒரு பெண் அரியணை ஏறினார். ரஸியா இறந்து பத்து ஆண்டுகள் கழித்து, 1250ல், கணவர் இறந்த செய்தியை மறைத்துவைத்து, சிலுவைப் படைக்கு எதிரான போர் சிதறாமல் காத்த ஷஜருத் துர் அவர். சுமார் மூன்று மாதங்களில் அரியணையைப் புதுக் கணவரிடம் கொடுக்க வேண்டி வந்தது. அங்கும் படைத் தளபதிகள் அடிமைகளாக இருந்து உயர்ந்தவர்களே. வாரிசு யார் என்பதில் தெளிவு இல்லாமல், வாள் வைத்திருந்தவர்களே தீர்ப்பு சொன்ன இடங்களில் பெண்கள் அரியணைக்கு வந்தார்கள். அதே வாள்களால் இறக்கவும் பட்டார்கள்.

இன்று பழைய தில்லியில் துர்க்மான் வாசலுக்கு உள்ளே, புல்புலி கானா என்ற குறுகலான சந்துகளின் நடுவே, மேற்கூரை இல்லாத சிறிய முற்றத்தில் இரண்டு கப்ருகள் இருக்கின்றன. ஒன்று ரஸியாவுடையது, மற்றொன்று சகோதரியுடையது என்கிறார்கள். கைத்தலிலும் அவருடைய அடக்கத்தலம் என்று ஓர் இடத்தைக் காட்டுகிறார்கள். மயிலாப்பூரிலிருந்தும் தி.நகரிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் பள்ளி விடுமுறையில் தில்லி போகும் குடும்பங்கள் ஜாமிஆ மஸ்ஜிதையும் செங்கோட்டையையும் குதுப் மினாரையும் பார்த்துத் திரும்புகின்றன. ஜாமிஆ மஸ்ஜிதிலிருந்து துர்க்மான் வாசல் நடக்கும் தூரம்தான். பிள்ளைகளை அங்கேயும் அழைத்துப் போங்கள். இந்த நாட்டின் தலைநகரை ஆண்ட ஒரு பெண் இங்கே அடங்கியிருக்கிறார் என்று சொல்லி, அவருக்காக ஒரு துஆ செய்துவிட்டு வாருங்கள். அவரைப் பற்றிக் கேட்கும் பிள்ளைகளிடம் காதல் கதையைச் சொல்லாதீர்கள். அநீதிக்கு ஆளானவரின் உடையோடு வெள்ளிக்கிழமை மக்கள் முன்னால் வந்து நின்றாரே, அந்த நிகழ்வைச் சொல்லுங்கள்.